யார் வீட்டு நாய்?

அரும்பாவூருக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நான் போய் வருவதுண்டு. சொந்த ஊர் என்ற பெயரைத் தவிர அங்கே எனக்கு இப்போது எதுவும் சொந்தம் இல்லை. நாங்கள் குடியிருந்த வீட்டை விற்று எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த இடத்தில் யாரோ மாடி எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீடு மட்டும் பழையபடி திண்ணையோடு இருக்கிறது. அது ஒரு மரச்சிற்பியின் வீடு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்; அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எழுபதைத் தாண்டியும் உளியைக் கீழே வைக்கவில்லை. வாகையும் மாவும் வேம்புமாகக் கிடக்கும் கட்டைகளுக்கும் சிராய்களுக்கும் நடுவே, பச்சைமலையைப் பார்த்தபடி அவரோடு பேசிக்கொண்டிருப்பதற்காகவே நான் பஸ் ஏறுகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

பொங்கல் கழித்து நான் போனபோது, அவர் வீட்டில் ஒரு பெரிய அமர்க்களம் நடந்து ஓய்ந்திருந்தது. சென்னையிலிருக்கும் மகள், மருமகன், பேரன் மூவரும் பண்டிகைக்கு வந்தவர்கள் தங்கள் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நல்ல ஜாதி நாய்; கறுப்பு லாப்ரடார். மாட்டுப் பொங்கலன்று தெருவில் தாரை தப்பட்டையும் வெடியும் ஒன்றாகக் கிளம்பவே, அது மிரண்டு கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. இரண்டு நாள் காணவில்லை. மகள் அழுதிருக்கிறாள். பேரன் மட்டும் கலங்கவில்லையாம். "கவலைப்படாதீங்க தாத்தா, அதுக்குச் சிப் வச்சிருக்கு. தொலையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். 2025ஆம் வருஷக் கடைசியில் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் சிப்பும் கட்டாயம், இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது அவர்களும் போய் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான். சிப் என்றால் ஏதோ வானத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும் கண் என்று அவன் நினைத்துவிட்டான். பெரியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

உண்மையில் அது ஓர் அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பி. நீளம் 12 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்திவிடுகிறார்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. அது தானாகப் பேசாது, இருக்கும் இடத்தைச் சொல்லாது. அதைப் படிக்கும் கருவியைச் சில அங்குலம் கிட்டே கொண்டுபோனால், அந்தக் கருவி அனுப்பும் அலையிலிருந்தே கொஞ்சம் சக்தியைக் கடன் வாங்கி, தன் 15 இலக்க எண்ணை ஒரு தடவை ஒப்பித்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். அந்த எண்ணுக்கு எதிரே யாருடைய பெயர், எந்த டெலிபோன் என்பது எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். உடையவர் வீடு மாறி, எண்ணும் மாறி, பதிவேட்டில் திருத்தாமல் விட்டுவிட்டால், சிப் கடைசிவரை பழைய விலாசத்தையே நம்பிக்கொண்டிருக்கும்.

அரும்பாவூரில் தெருவில் போகிற யார் கையில் அந்தக் கருவி இருக்கிறது? நாய் எப்படிக் கிடைத்ததென்றால், மூன்று மைல் தள்ளி ஒரு வெங்காயக் காட்டுக் கொட்டகையில் ஒண்டியிருந்ததை ஒரு கிழவி பார்த்திருக்கிறாள். பழைய சோற்றைப் பிசைந்து வைத்திருக்கிறாள். அது முதலில் மோந்துகூடப் பார்க்கவில்லையாம்; மறுநாள் பசி வென்றுவிட்டது. காலையில் பால் எடுக்க வந்தவனிடம், "இது ஒசத்தி நாயா இருக்குது, யார் வூட்டுதுன்னு கேட்டுட்டு வா" என்று சொல்லியனுப்பினாள். அவன் பால் ஊற்றும் வீடுகளிலெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். மத்தியானத்துக்குள் நாய் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் கிழவியின் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. யார் வீட்டு நாய்? எண்ணும் பதிவேடும் கருவியும் ஆக இவ்வளவு ஏற்பாடும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கின்றன. ஆனால் கேள்வியைக் கேட்க ஒருவர் இருந்தால்தானே பதிலுக்கு மரியாதை?

இந்த ஊரில் குறி என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஊர்ச் சிற்பத்துக்கே 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆட்டுக்குக் காதில் ஒரு வெட்டு, மாட்டுக்குத் துடையில் ஒரு சூடு என்று தலைமுறை தலைமுறையாக அடையாளம் வைத்துப் பழகியவர்கள். இப்போது சர்க்கார் கால்நடைத் துறை மாட்டின் காதில் 12 இலக்கம் போட்ட மஞ்சள் பில்லையை அடித்துவிட்டுப் போகிறது. அண்ணன் வீட்டுப் பசுவின் காதிலும் அது தொங்குகிறது. பசு அதைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரியவில்லை. ஈ ஓட்டுவதற்குக் காதை ஆட்டும்போது பில்லையும் சேர்ந்து ஆடுகிறது, அவ்வளவுதான்.

மிருகத்தோடு நின்றிருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. மனிதன் மனிதனுக்கும் குறி வைத்திருக்கிறான். கோயிலுக்கு விற்கப்பட்டவர்கள், தானமாகக் கொடுக்கப்பட்டவர்கள் உடம்பில் சூலக் குறி பொறித்த செய்தி சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. வெகு தூரம் போக வேண்டாம். போன நூற்றாண்டில் ஆஷ்விட்ஸ் முகாமில் மனிதர்களின் முன்கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள். உயிருள்ள ஒரு தோலில் எண் ஏறுகிறது என்று கேட்டதும் உள்ளே எதுவோ சுருங்குகிறதே, அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் இன்னொரு காட்சியும் நமக்குப் பழக்கமானது. ஒரு வைஷ்ணவர் குளித்து மடி உடுத்தி, தாமாகவே ஆசாரியரிடம் போய், சுடச்சுடச் சங்கையும் சக்கரத்தையும் இரண்டு தோளிலும் பொறித்துக்கொண்டு வருகிறார். வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் முகத்தில் அத்தனை நிம்மதி. இதுவும் சூடுதான். அடிமை என்று ஒத்துக்கொள்ளும் அடையாளமும்தான். பின்னே ஏன் ஒன்று மனத்தைச் சுருக்குகிறது, மற்றொன்று சுருக்கவில்லை? விரும்பி ஏற்றது, விரும்பாமல் ஏற்றது என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிப் பதில்தான். நாயை யாரும் விருப்பம் கேட்டுச் சிப் வைப்பதில்லை, தடுப்பூசிக்கும் கேட்பதில்லை.

எனக்குத் தோன்றுவது இது. குறி யாரைக் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கோயிலுக்கு விற்கப்பட்டவனுடைய சூலம் அவனை மட்டுமே கட்டியது. விற்றவனையும் வாங்கியவனையும் அது ஒன்றும் கேட்கவில்லை. முன்கையில் எண் குத்தியவர்கள், அந்த எண்ணுக்கு எதிரே தங்கள் பெயரைப் பொறுப்பாளி என்று எழுதிக்கொள்ளவில்லை. வைஷ்ணவர் தோளில் இருப்பதோ இரண்டு பக்கமும் கட்டுகிற குறி. "நீ என்னைக் கைவிட முடியாது, இதோ உன் முத்திரை" என்று பகவானைப் பார்த்துச் சொல்லக்கூடிய அத்தாட்சி அவர் தோளில் இருக்கிறது. அந்த நிம்மதிதான் முகத்தில் தெரிந்தது. பகவானை நம்பாதவர்களும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த உரைகல்லில் நாயின் சிப்பை உரைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 2016 ஏப்ரலிலிருந்து நாய்களுக்கும், 2024 ஜூனிலிருந்து பூனைகளுக்கும் அது கட்டாயம். தொலைந்தால் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் எங்கேயும் சொல்லப்படும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அது நாயைத் தொலைத்தவருக்குச் சொல்லும் சமாதானம். நாயைத் தொலைத்தவர் இருப்பதுபோல, நாயைத் தொலைத்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவரும் இருக்கிறார். குட்டியாக இருக்கும்போது பஞ்சுப் பொதி மாதிரி இருக்கிறதே என்று வாங்கி, அது வளர்ந்து செருப்பைக் கடித்து, வீடு மாற்றும்போது பாரமாகி, ஒரு நாள் ஊருக்கு வெளியே காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுகிறவர். அந்த மனிதருக்கு எதிராக அந்த அரிசி மணி சாட்சி சொல்லும். "எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்ல முடியாதபடி அவர் பெயர் நாயின் தோலுக்கடியில் இருக்கிறது. சிப்பின் பெரிய தர்மம் இதுதான் என்பது என் கட்சி. அது நாய் யாருடையது என்பதைவிட, நாய்க்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்கிறது.

சட்டம் இதை எப்படி எடை போடுகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படியாக ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று 1960ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் சொல்லத்தான் சொல்கிறது. முதல் தடவை செய்தவனுக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மேற்படாமல். இவ்வளவு காலமாகியும் அந்த 50 ரூபாயை யாரும் உயர்த்தவில்லை. சென்னையில் நாய்க்குச் சிப் போடாமல் வைத்திருந்தால் 5,000. அந்த நாயையே தெருவில் விட்டுவிட்டால் 50. கணக்குத் தெரிந்தவன் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பான் என்று நான் சொல்ல வேண்டுமா?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எண் உள்ளது, எண் இல்லாதது என்று ஜீவன்களை இரண்டாகப் பிரித்துவிட்டால், எண் இல்லாததற்கு வீடும் இல்லை என்ற எண்ணம் மெல்ல வந்துவிடும். எங்கள் ஊர்த் தெரு நாய் யாருடையது? யாருடையதும் இல்லை, எல்லோருடையதும். இரவில் கடைசிப் பஸ்ஸில் இறங்கி வருகிறவரைப் பார்த்து அது குரைக்கிறதா, வாலை ஆட்டுகிறதா என்பதிலிருந்தே வந்தவர் ஊர்க்காரரா அயலூரா என்று உள்ளே படுத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்கும் 'திரும்பி வருதல்' உண்டு. 2025 ஆகஸ்டு 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு டில்லித் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. 22ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடை செய்து, ஊசி போட்டு, வெறி பிடித்ததும் கடிக்கப் பாய்வதும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்றது. பிறகு நவம்பரில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. நாய்க்கடியில் குழந்தையை இழந்த வீட்டுக்குப் போய் நான் தர்மம் பேச மாட்டேன். அந்த வேதனை வேறு. ஆனால் அந்த ஆகஸ்டுத் தீர்ப்பில் 'பிடித்த இடத்திலேயே' என்றிருந்த ஒரு சொல், உடையவன் இல்லாத ஜீவனுக்கும் இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டதே, அதை மறந்துவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

திரும்பி வருதல் என்றதும் பக்கத்து அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஞாபகத்துக்கு வருகிறார். நாயைப் பற்றிப் பேசும்போது நடராஜரை இழுக்கிறேன் என்று கோபிக்கக் கூடாது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. 2006இல் திருடு போனது. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் அதை 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே டில்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். நடராஜர் உடம்பில் சிப் இருக்கவில்லை. திருடு போவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்தக் கோயிலுக்குப் போய் எடுத்து வைத்திருந்த போட்டோதான் அவருக்காகச் சாட்சி சொன்னது. இதில் என்னை உறுத்துகிற இடம் வேறு. கோயில் பூட்டிக் கிடந்தது. விளக்கு வைக்க ஆள் இல்லை. சுவாமி போய்விட்டார் என்பதே 2008இல்தான் வெளியே தெரிந்தது. இரண்டு வருஷம்! திரும்பிவர வேண்டுமானால் முதலில் காணோம் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் இல்லாத வீட்டுக்கு எந்தக் குறியும் எதைக் கொண்டுவந்து சேர்க்கும்?

இதையெல்லாம் ஒரு நியாயவாதி மாதிரி எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். நாயைக் கைவிடுகிறவனைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம்.

1981இல் எனக்கு 22 வயது. திருச்சியில் வேலை கிடைத்தது. அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு குடிபோக வேண்டும். வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களிடம் மணி என்று ஒரு நாய், செம்பட்டை நிறம், சாதாரண நாட்டு நாய். அப்பா கொண்டுவந்தது. யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கேட்கவே கூச்சமாக இருந்தது. 'நாய்க்குக்கூடச் சோறு போட முடியாமல் போகிறான்' என்று சொல்லிவிடுவார்களோ என்று. ஒரு நாள் விடிவதற்கு முன் அதைச் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடவைத்துக் கூட்டிக்கொண்டு மலையாளப்பட்டிப் பக்கம், மலை அடிவாரத்துக்குப் போனேன். அதற்கு ஒரே குதூகலம். திரும்பும்போது மறுபடியும் சைக்கிளோடு ஓடிவந்துவிடுமே என்று ஒரு புளியமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். முடிச்சைத் தளர்வாகத்தான் போட்டேன், இழுத்தால் அவிழ்ந்துவிடும் என்று இந்த நாற்பத்தைந்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். மணி எங்கேடா என்று அம்மா கேட்டாள். "எங்கேயோ ஓடிப்போச்சு" என்றேன். பக்கத்து வீட்டு அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன். நான்காம் நாள் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

இந்தத் தடவை திண்ணையில் உட்கார்ந்து சிப்பின் பெருமையை அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கைவிட்டவன் தப்பிக்க முடியாது, பெயர் உள்ளேயே இருக்கும் என்று கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன். பேரன் ஆமோதித்துக்கொண்டிருந்தான். கறுப்பு நாய் அவன் காலடியில் படுத்திருந்தது. அண்ணன் ஒரு யாளியின் பல்வரிசையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பல்லில் உளி வைக்கும்போது அவர் பேச மாட்டார். ஒரு பல்லை முடித்துவிட்டு, தூளை ஊதிவிட்டுச் சொன்னார்.

"உங்க மணி திரும்பி வந்துச்சு தம்பி."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க போன மறுநாள். பூட்டின கதவுக்கு முன்னால படுத்திருந்துச்சு. சோறு எங்க வீட்டுல தின்னும், படுக்கை மட்டும் உங்க வாசல்லதான். ரெண்டு வருசம் இருந்துச்சு."

"ஏன் அண்ணே இத்தனை நாள் சொல்லலை?"

"சொன்னா நீ வந்து கூட்டிட்டா போயிருப்ப?" அவர் குரலில் கோபம் இல்லை. அடுத்த பல்லுக்குப் பென்சிலால் கோடு இழுத்தார்.

நான் பேசாமல் இருந்தேன். பேரன்தான் கேட்டான், கட்டிப் போட்ட நாயா, தானாக ஓடிப்போன நாயா என்று. அவனுக்கு என்ன தெரியும்?

"கழுத்துல அரை முழக் கயிறு தொங்கிட்டிருந்துச்சுடா. கடிச்சு அறுத்துட்டு வந்திருக்கு. அவுத்துவிடலாம்னு பாத்தா முடிச்சு எளகவே இல்ல, உளியாலதான் அறுத்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"உங்க வீட்டுக் கெணத்துக் கயிறு தம்பி. எனக்குத் தெரியாதா?"